பனிமலை கடந்து வந்த தெசிதேரி சுவாமிகள்

தமிழ்நாட்டில் வேதம் போதித்த யேசு சபைக் குருக்களைப் பற்றிப் பேசப் புகுவோர் தத்துவ போதகர், அருளானந்தர், வீரமாமுனிவர் ஆகியோரின் திருப்பெயர்களை முதற்கண் சொல்லுவர். அது முறையே. ஆயினும் ஏறத்தாழ ஓராண்டுக் காலமே கர்நாடக மிஷனில் தங்கித் தமிழ் கற்றுச் சென்ற குருவானவர் ஒருவர் உண்டு. திபெத் நாட்டைப் பற்றி ஆராயும் அறிஞர்கள் உலகெங்கும் அவரை அறிவர். நம் பக்கத்தில்தான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்தாம் இப்போலித்தோ தெசிதேரி சுவாமிகள். அவரது வாழ்வை, சிறப்பாக அவர் மேற்கொண்ட பனிவழிப் பயணத்தை, இம்மலரின் வழியே பங்கு மக்களுக்கு எடுத்துச் சொல்ல விழைகிறோம்.

இத்தாலி நாட்டுப் பிஸ்தோயா நகரில் 1684-ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையிலேயே யேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்ற சூட்டோடு 1712-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் உரோமை நகரை விட்டுப் புறப்பட்டு, மறு ஆண்டு கோவா வந்து சேர்ந்தார். திபெத்தில் 1625-ஆம் ஆண்டளவில் அந்தோனியோ தெ அந்திராதே என்னும் போர்ச்சுக்கீசியக் குருவானவர் தொடங்கிவைத்த மிஷன் சில ஆண்டுகளிலேயே அழிந்துபோயிருந்தது. அதை மீண்டும் தழைக்கச் செய்வதே தெசிதேரி சுவாமிகளுக்கு இடப்பட்ட பணி. வழித்துணையாகவும் தலைவராகவும் வாய்த்தவர் மனோயேல் பிரெய்ரே சுவாமிகள். இவர் வயதில் மூத்தவர். இந்துஸ்தானத்தில் நெடுநாள் பழகியவர். குளிரை அறவே விரும்பாதவர். இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நடந்ததற்கெல்லாம் காரணம் அதுவே.

1714-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தில்லியிலிருந்து லாகூர் சென்று, பீர்பாஞ்சால் மலைத்தொடரைக் கடந்து, நவம்பர் மாதம் இருவரும் சிறீநகர் அடைந்தனர். அதற்குள் மலைவழிகளைப் பனி மூடிவிட்டது. ஆறு மாதம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்று அதே பீர்பாஞ்சால் மலைச் சரிவிலுள்ள குல்மார்க்குக்குச் செல்வந்தர்கள் குளிர்காலம் வந்ததும் ஆசையோடு ஓடுகிறார்கள். காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாடி, விடுமுறை கழிந்ததும் வீடு திரும்புகிறார்கள். அன்றோ, பனி என்றாலே வழிப்போக்கர்களுக்கு மரணபயம்.

1715-ஆம் ஆண்டு மே மாதம் வழி திறந்தது. ஆண்டவரின் விண்ணேற்புத் திருநாளையொட்டிச் சோஜிலா கணவாயில் ஏறினார்கள். ஏறத்தாழ 11,500 அடி உயரம். உறைந்து கண்ணாடிபோல் ஆன சரிவில், வழிகாட்டி முன்னால் சென்று கோடரியால் பனிக்கட்டியை வெட்டி, ஓர் அடி வைக்க மட்டும் இடம் செய்வான். அதில் கால் வைத்த பின் அடுத்த படியை வெட்டுவான். கால் பிசகினால் கீழே பாதாளம். வெயிலடித்தால் வேறொரு துன்பம்: பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைச் சுட்டு வீங்கச் செய்துவிடும். அப்பாலும் பாதை மிகக் குறுகியதாதலால் பெரும்பாலும் கால்நடையே. முறுக்கிய மரக்கிளைகளைக் கயிறாகக் கட்டிய பாலங்களில் ஊசலாடியபடி ஆறுகளைக் கடந்து, ஜூன் மாதக் கடைசியில் லே நகர் சேர்ந்தனர்.

இந்தச் சோஜிலா வழியாகத்தான் 1948-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நமது இராணுவம் டாங்கிகளை ஏற்றிச் சென்றது. நம் வேலூர்ச் சீமையில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத ஊர் அரிது. லடாக்கில் காவல் நின்று திரும்பியவர் நம் பங்கு மக்களில் எவரேனும் இருப்பின், அந்தக் குளிரை எம்மைவிட நன்றாகச் சொல்லக் கூடும்.

நிற்க. லடாக் மன்னர் இருவரையும் அன்போடு வரவேற்றார். அங்கேயே தங்கிவிடலாம் என்பது தெசிதேரி சுவாமிகளின் எண்ணம். ஆனால் பிரெய்ரே சுவாமிகளுக்கோ, வந்த வழியே அந்தப் பனியில் மறுபடி இறங்குவதை நினைக்கவே அச்சமாயிருந்தது. கிழக்கே லாசா வரை சென்றால் அங்கிருந்து நேபாளம் வழியாக எளிதில் ஊர் திரும்பலாம் எனக் கேள்விப்பட்டு, புறப்படக் கட்டளையிட்டார். தலைவர் சொல்லைத் தட்டுவது சபை வழக்கமன்று. இவ்வாறு, சில வாரப் பனிக்கு அஞ்சி ஏழு மாதப் பனிக்குள் நடக்கலானார்கள்!

ஆகஸ்டு மாதம் புறப்பட்டனர். மேற்குத் திபெத்தின் ஆளில்லாப் பாலைக்குள் தனியே சென்றிருந்தால் இருவரும் மாண்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. அச்சமயம் அப்பகுதியின் ஆளுநராயிருந்த தம் கணவரை இழந்த மங்கோலியப் பெருமாட்டி ஒருவர், படையும் பரிவாரமும் சூழ லாசா திரும்பிக்கொண்டிருந்தார். அந்த அம்மையார் இவர்களையும் தம் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்டார். அக்டோபர் முதல் வழி நெடுகக் கடுங்குளிர். விறகு கிடையாது, காய்ந்த சாணமே எரிபொருள். வாற்கோதுமை மாவும், வெண்ணெய் கலந்த தேநீரும், சற்று இறைச்சியும் உணவு. தோலைக் கையில் தொட்டாலே அதன் தரம் சொல்லும் நம் ஊரார், உடைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கக் கூடும். அந்நாட்டில் மயிரோடு கூடிய ஆட்டுத்தோலை, மயிர் உட்புறமாக இருக்கும்படி அங்கியாக்கி அணிவதே வழக்கம். அதுவன்றி அக்குளிருக்கு வேறு காப்பில்லை. ஒரு நாள் மாலை பிரெய்ரே சுவாமிகளின் குதிரை பனியில் விழுந்துவிட, அவர் கூட்டத்துக்குப் பின்தங்கிப் போனார். அம்மையார் அதை அறிந்து ஆட்களை அனுப்பித் தேடிக் காப்பாற்றினார். பிற சமயத்தைச் சேர்ந்த ஒரு விதவைத் தாயின் இரக்கத்தால் நம் குருக்கள் இருவரும் உயிர் பிழைத்தனர் என்பதை மறைக்காமல் சொல்வதே நியாயம். கயிலை மலையையும் மானசரோவர் ஏரியையும் கண்டு எழுதிவைத்த முதல் ஐரோப்பியர் இவர்களே எனக் கருதப்படுகின்றனர்.

1716-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் லாசா வந்தது. ஒரு மாதத்துக்குள் பிரெய்ரே சுவாமிகள் நேபாள வழியாக இந்துஸ்தானம் திரும்பிவிட்டார். தனித்து நின்ற தெசிதேரி சுவாமிகள் அரசரான லாசங் கானின் ஆதரவு பெற்று, சேரா என்னும் பௌத்த மடத்தில் பிக்குகளோடு அமர்ந்து அவர்களுடைய சாத்திரங்களைப் பயின்றார். திபெத்திய மொழியிலேயே நூல்கள் இயற்றினார். 1717-ஆம் ஆண்டு இறுதியில் பகைவர் படையெடுத்து அரசரைக் கொன்றபோதும் நாட்டை விட்டு ஓடாமல், ஒதுங்கிய பகுதியில் இருந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

பனி செய்யாததை ஒரு கடிதம் செய்தது. திபெத் மிஷன் கப்புச்சின் சபையாருக்கே உரியது என்று உரோமையில் முடிவாகி, அவரை வெளியேறும்படி கட்டளை வந்தது. 1721-ஆம் ஆண்டு லாசாவை விட்டுப் புறப்பட்டார். இவ்வளவும் நடந்த பின் மனம் கசந்து ஊர் திரும்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிரார். அவரோ ஆக்ரா, தில்லி, வங்காளம் என்று சுற்றி, 1726-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி வந்து, நாற்பத்தொன்றாம் வயதில் தமிழ் நெடுங்கணக்கைப் படிக்கத் தொடங்கினார். புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடக மிஷன், சாதத்துல்லா கான் நவாபாக ஆண்ட நம் ஆற்காட்டுச் சீமையில் பரவியிருந்த காலம் அது.

1727-ஆம் ஆண்டு சனவரியில் கப்பலேறியபோது அவர் ஒரு காகிதக் கட்டையும் கொண்டு சென்றார். 1693-ஆம் ஆண்டு ஓரியூரில் வேதசாட்சியாக உயிர்நீத்த அருளானந்தரின் முத்திப்பேறு பட்டத்துக்கான ஆவணங்கள் அவை. உரோமையில் திபெத் மிஷனுக்காக அவர் நடத்திய வழக்கு 1732-ஆம் ஆண்டு தோற்றது. அடுத்த ஏப்ரலில், நாற்பத்தெட்டாம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். பயண வரலாற்றை அச்சிடவும் அனுமதி கிட்டவில்லை. அதன் கையெழுத்துப் பிரதி 1875-ஆம் ஆண்டுதான் பிஸ்தோயாவில் கண்டெடுக்கப்பட்டது. 1932-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. அருளானந்தர் 1853-ஆம் ஆண்டு முத்திப்பேறு பெற்றவராகவும், 1947-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.