மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் நம் வீட்டு வழக்குகளும்

நம்மில் எந்தக் குடும்பமும் விரும்பி நீதிமன்றப் படி ஏறுவதில்லை. பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்க்கிறோம். பங்குத்தந்தையிடம் போய்ப் பார்க்கிறோம். எதுவும் கைகூடாமல் ஒரு நாள் மகளையோ மகனையோ அழைத்துக்கொண்டு வக்கீல் அலுவலகத்துக்குச் செல்கிறோம். குமாஸ்தா நீட்டும் வக்காலத்துத் தாளில் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். சில நாள் கழித்து மனு தயாராகிறது. பல வேளைகளில் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் வீட்டுப் பெண் பட்ட துன்பம் அதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்க நமக்குக் கூச்சம். படித்தவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அதிலும் கையெழுத்திட்டுத் திரும்புகிறோம்.

இந்தக் கூச்சத்தை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. காவிரிக் கரையில் பணியாற்றிய கத்தோலிக்கரான அவர், மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

தஞ்சைப் பக்கத்தில் இவரை வேதநாயக சாஸ்திரியாரோடு குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. சரபோஜி மன்னர் காலத்துச் சாஸ்திரியார் சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர்; சுவிசேஷ சபையைச் சேர்ந்த கவிராயர். நாம் பேசுகிறவர் அவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பின்னால் பிறந்தவர்.

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826 அக்டோபர் 11 அன்று சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக வேதநாயகம் பிறந்தார். தியாகப் பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். 1848 இல் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளரானார். 1850 இல் அங்கேயே மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. அவருடைய பிற்கால எண்ணங்கள் பலவற்றுக்கும் வேர் இந்த வேலையில்தான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. மேடையில் வெள்ளைக்கார நீதிபதி, கீழே நம் ஊர் விவசாயி, இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர். ஒரு சொல் தவறினால் ஒரு காணி நிலம் கைமாறிப் போகலாம். ஒரு விதவையின் ஜீவனாம்சம் கிடைக்காமல் போகலாம். சொந்த வழக்கில் தனக்காக என்ன பேசப்படுகிறது என்பதே தெரியாமல் கைகட்டி நிற்கும் மனிதர்களை அவர் நாள்தோறும் கண்டார்.

1857 இல் முன்சீப் பதவி கிடைத்தது. முதலில் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பிறகு சீர்காழி, அதன்பின் மாயூரம். மாயூரத்தில் 13 ஆண்டுகள் பணிபுரிந்ததால் அந்த ஊர்ப் பெயரே அவருக்கு அடைமொழியாக நிலைத்துவிட்டது.

நெல் விளையும் சீமையில் குடும்ப வழக்கு என்றால் பெரும்பாலும் நிலத்தைச் சுற்றித்தான் வரும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, சுவீகாரப் பிள்ளையின் உரிமை, புகுந்த வீட்டில் நிற்க இடமில்லாத விதவையின் சோற்றுக்கு வழி என்று அவை நீளும். இவற்றில் எந்தச் சட்டம் செல்லும் என்பது மதத்தைப் பொறுத்தது. நம் மக்களின் நிலையோ இன்னும் சிக்கலானது. பெல்லாரியைச் சேர்ந்த ஆபிரகாம் என்ற கிறிஸ்தவரின் சொத்துக்காக அவர் மனைவியும் தம்பியும் நடத்திய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மதம் மாறியவர் பழைய இந்துச் சட்ட வழக்கத்தைக் கைவிடவும் செய்யலாம், வைத்துக்கொள்ளவும் செய்யலாம் என்று 1863 இல் தீர்ப்பு வந்தது. இப்படிப்பட்ட தீர்ப்புகளெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால், கட்சிக்காரர் வக்கீல் சொல்வதை நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

வேதநாயகர் அதற்கு ஒரு வழி செய்தார். சதர் நீதிமன்றத்தில் 1805 முதல் 1861 வரை வந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862 இல் வெளியிட்டார். சட்டத் தீர்ப்புகளைத் தமிழில் தந்த முன்னோடி என்று அவரை இன்றும் சொல்கிறார்கள். நாவலாசிரியர் என்று மட்டும் அவரைப் பாடநூலில் படித்த நமக்கு, இந்த வேலையின் பெருமை அவ்வளவாக எட்டவில்லை.

ஆனால் அந்த நாவலும் நீதிமன்றத்தை விட்டு விலகியதல்ல. 1879 இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவலாகப் போற்றப்படுகிறது. அதில் பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் நடக்கவேண்டிய திருமணமே, மாப்பிள்ளை எந்த வீட்டில் வாழ்வது என்று பெற்றோர்கள் பிடிக்கும் பிடிவாதத்தால் முறியப் பார்க்கிறது. எத்தனை வீடுகளில் இதை நாம் கண்டிருக்கிறோம்! அதே நூலில் வக்கீல்களையும் அவர் விடவில்லை. நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், வழக்காடுகிறவரும் தமிழர் என்றிருக்க, ஆங்கிலத்தில் வாதிப்பது யாருடைய நன்மைக்காக என்று கடுமையாகவே கேட்கிறார். ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர் அவர். அந்த மொழியால்தான் அவருக்கு உத்தியோகமே கிடைத்தது. கட்சிக்காரருக்குப் புரியாத வாதம் கட்சிக்காரருடையது அல்ல என்பதே அவர் வழக்கு.

நீதிபதியாக அவர் கைசுத்தமானவர். 1859 இல் வெளிவந்த 'நீதிநூல்' என்ற செய்யுள் நூலில் கைக்கூலி வாங்குவதைத் தாக்கிப் பாடினார். பெண்கள் படிக்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1869 இல் வந்த 'பெண்மதிமாலை' பெண்களுக்காகவே எழுதப்பட்டது. அதில் உள்ள அறிவுரைகள் எல்லாமே இக்காலப் பெண்களுக்கு ஏற்றவை என்று நாம் சொல்லமாட்டோம். அவர் காலத்துப் பார்வை அவற்றில் இருக்கிறது. ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணை எவரும் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்கச் சொல்லலாம் என்பதை ஒரு முன்சீப்பைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அதே 1869 இல்தான் கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டமும் வந்தது. அந்த வழக்குகள் முன்சீப் நீதிமன்றத்துக்கு வருவதில்லை; மாவட்ட நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகவேண்டும். கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்கவேண்டும். இந்த ஓரவஞ்சனை 2001 இல் திருத்தம் வரும்வரை, 132 ஆண்டுகள் நீடித்தது. இருவரும் மனமொத்துப் பிரியக் கேட்கும் வழியும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது.

இங்கே நம் மக்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. மறைமாவட்டத் தீர்ப்பாயம் ஒரு திருமணம் செல்லாது என்று அறிவித்தால், திருச்சபையின் பார்வையில் அது முடிந்தது. அரசுச் சட்டத்தின் பார்வையில் முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 1996 இல் இதைத் தெளிவாகக் கூறியது. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்தால் அந்த மணம் சட்டப்படி நிற்காது. அதுபோல் நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றவர் திருச்சபையின் முன் இன்னும் மணமானவரே. இரண்டு கதவு, இரண்டு சாவி. முதல் நாளே இதை எடுத்துச் சொல்லும் வக்கீலைத் தேடுவது நல்லது. மனுவை வரிவரியாகத் தமிழில் படித்துக்காட்டச் சொல்வதும், கட்டணத்துக்கு ரசீது கேட்பதும், மனு நகலை வீட்டில் வைத்துக்கொள்வதும் மரியாதைக் குறைவு ஆகாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமலே, இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருகிறார்கள். 1987 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. குடும்ப நீதிமன்றத்திலோ வக்கீல் வைப்பது உரிமையே அல்ல, நீதிமன்றம் அனுமதித்தால்தான். முதலில் சேர்த்துவைக்க முயலவேண்டும் என்பது அந்த நீதிமன்றத்துக்கே 1984 ஆம் ஆண்டுச் சட்டம் இட்ட கடமை.

வேதநாயகர் 1872 இல் பதவியை விட்டார். மாயூரத்திலேயே தங்கி, நகராட்சித் தலைவராகவும் இருந்தார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருக்கு நெருங்கிய நண்பர்கள். மகாவித்துவான் அவர்மீது 'குளத்துக்கோவை' பாடினார். சைவ மடமும் கத்தோலிக்க முன்சீப்பும் அப்படிப் பழகிய காலம் அது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் வேதநாயகர் தம் கைப்பொருளை ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தார். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார்.

1889 ஜூலை 21 அன்று வேதநாயகர் இறைவனடி சேர்ந்தார். கீழ் நீதிமன்றங்களில் பிற்காலத்தில் தமிழுக்குச் சட்டப்படி இடம் கிடைத்தது. மேல்முறையீடு என்று போனால் மொழி மாறிவிடும். தஞ்சாவூர் மாவட்டத்தார் மதுரைக் கிளைக்குப் போகவேண்டும், மயிலாடுதுறையார் சென்னைக்குப் போகவேண்டும். இரண்டு இடத்திலும் நீதிமன்ற மொழி ஆங்கிலம். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006 இல் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. 2019 இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றை இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடத் தொடங்கியது. தமிழும் அவற்றில் இடம்பெற்றது. 'சித்தாந்த சங்கிரகம்' வெளிவந்து அப்போது 157 ஆண்டுகள் ஆகியிருந்தன.