தன் சுருதியிலேயே நின்ற எம்.டி. ராமநாதன்



டிசம்பர் 31 படித் திருவிழா நெருங்குகிறது. 365 படிகளிலும் திருப்புகழ் பாடிக்கொண்டே மலை ஏறுவோம். மறுநாள் காலையில் பலருக்குத் தொண்டை கட்டிவிடும். முன்னால் பாடுகிறவரின் சுருதியை எட்டிப் பிடிக்கக் கத்துவதும் அதற்கு ஒரு காரணம். அதனால் இந்த இதழில், தன் குரலுக்கு ஏற்ற சுருதியிலேயே கடைசி வரை பாடிய ஒருவரைப் பற்றிப் பார்ப்போம்.

எம்.டி. ராமநாதன் 1923-இல் பாலக்காடு பக்கம் மஞ்சப்பரா கிராமத்தில் பிறந்தார். தந்தை தேவேச பாகவதர் இசை ஆசிரியர். மகன் இயற்பியலில் பட்டம் பெற்று, பிறகு சென்னை வந்து கலாக்ஷேத்திராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் இசை கற்றார்.

ஒலிபெருக்கி இல்லாத நாளில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று பாடகர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள். மைக் வந்த பிறகும் அந்த மோகம் போகவில்லை. ராமநாதனுக்கோ இயல்பிலேயே கனத்த, ஆழமான குரல். ஆண்கள் வழக்கமாகப் பாடும் ஒரு கட்டைக்கும் வெகு கீழே அவருடைய சுருதி இருந்தது. கேலி செய்தவர்கள் உண்டு. அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அதற்கு உடற்கூறு சார்ந்த நியாயமும் இருக்கிறது. குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் உள்ளன. ஒரு கட்டை ஷட்ஜத்தை ஓர் ஆண் பாடும்போது அவை விநாடிக்கு ஏறக்குறைய 130 முறை அதிர்கின்றன. நீளமும் கனமும் கூடிய நாண்கள் மெதுவாக அதிரும்; அதனால் சுருதி இறங்கும். வீணையின் கனத்த தந்தி போலத்தான். சுருதி ஏற, நாண்கள் இழுபட வேண்டும். அளவுக்கு மீறி இழுத்து, கழுத்தை இறுக்கிக் கத்தினால் அவை பலமாக மோதி வீங்கிவிடும். அதுதான் கரகரப்பு.

ராமநாதன் தன் குரலோடு சண்டை போடாமல் அதற்கேற்ற பாணியை அமைத்துக்கொண்டார். நிதானமாக, இடைவெளி விட்டுப் பாடினார். சஹானா, ரீதிகௌளை போன்ற ராகங்கள் அவர் பாடும்போது தனி அழகு பெற்றன. குருவின் நினைவாக வரததாச என்ற முத்திரையில் கிருதிகள் இயற்றினார். கலாக்ஷேத்திராவிலேயே பேராசிரியராக இருந்தார். 1974-இல் பத்மஸ்ரீ கிடைத்தது; சங்கீத கலாநிதி பட்டம் கிடைக்கவில்லை. 1984-இல், 60 வயதில் காலமானார். அன்று அவரைப் பலர் பொறுமையோடு கேட்கவில்லை. இன்று அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்கிறார்கள்.

நம் பஜனைக் குழுவுக்கும் இதில் பாடம் இருக்கிறது. சாதாரணமாகப் பேசும் குரலில் மெல்ல முனகிப் பாருங்கள். சிரமமில்லாமல் நிற்கும் இடத்தை ஒட்டியே உங்கள் சுருதி இருக்கும். ஆர்மோனியக்காரரிடம் கட்டையைக் குறைக்கச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். படி ஏறும்போது மூச்சு வாங்கினால், நின்று பாடுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

முருகன் உச்ச சுருதியைக் கேட்கவில்லை. அவரவர் குரலில் பாடுவோம்.