விடாப்பிடி மவுசர்



ஒர்க்ஷாப்பில் ஜாப் கெட்டுப் போனால் மெஷின் சரியில்லை என்போம் நாம். உன் கைதான் சரியில்லை என்பார் இன்ஸ்ட்ரக்டர். கை தவறினாலும் மெஷின் தவறக்கூடாது என்று மூன்றாவதாக ஒரு வழி காட்டியவர் ஜெர்மனியின் பீட்டர் பால் மவுசர்.

1838 ஜூன் 27-ல் நெக்கார் நதிக்கரையில் உள்ள ஓபெர்ன்டோர்ஃப் என்ற சிற்றூரில் பிறந்தார். 13 பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. அப்பாவுக்கு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை. பையனும் அங்கேயே தொழில் பழகினார். அண்ணன் வில்ஹெல்முடன் சேர்ந்து இவர் உருவாக்கிய போல்ட் ரைபிளை ஜெர்மனி 1871-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதில் ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். 1882-ல் அண்ணனும் காலமானார். அதன் பிறகுதான் தம்பிக்கு உண்மையான பரீட்சை!

1884-ல் குழலுக்கு அடியில் ஒரு டியூப் வைத்து, தோட்டாக்களை வரிசையாக அடுக்கினார். சுடச்சுட எடை குறைந்து துப்பாக்கியின் சமநிலை மாறியது. ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் உள்ளதன் கேப்பில் இடிக்கும் அபாயம் வேறு! டியூப்பை விட்டுவிட்டு, 1889 பெல்ஜியம் மாடலில் ஒன்றன்மேல் ஒன்றாக 5 தோட்டா அடுக்கும் பெட்டிக்கு மாறினார்.

அப்பவும் ஒரு சிக்கல் மிச்சம். பயத்தில் இருக்கும் சிப்பாய் போல்ட்டை முழுசாகத் தள்ளாமல், பாதியிலேயே பின்னால் இழுத்துவிடுவான். முதல் தோட்டா சேம்பரிலேயே தங்கிவிடும். அடுத்த தள்ளலில் இரண்டாவது தோட்டா அதன் முதுகில் போய் முட்டும். அவ்வளவுதான், ஜாம்! மவுசர் சிப்பாயைத் திட்டவில்லை. 1892-ல் போல்ட்டின் பக்கவாட்டில் நீளமான ஸ்பிரிங் கொக்கி ஒன்றை வைத்தார். தோட்டா பெட்டியிலிருந்து மேலே வரும்போதே அதன் அடிவிளிம்பு கொக்கிக்குள் நுழைந்துவிடும். பாதியில் இழுத்தாலும் தோட்டா கூடவே வந்து வெளியே விழும். சங்கடம் தீர்ந்தது.

1893 ஸ்பெயின் மாடலில் தோட்டாக்களை இரண்டு வரிசையாகக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கினார். அடுத்தடுத்த மூன்று தோட்டாக்களின் மையங்கள் சமபக்க முக்கோணமாக நிற்க வேண்டும். அதற்குப் பெட்டியின் பின்பக்க அகலம் தோட்டாவின் அடி விட்டத்தைப் போல் 1.866 மடங்கு. விட்டம் 12 மி.மீ. என்றால் அகலம் சுமார் 22.4 மி.மீ. நம்ம காஸ் 30 டிகிரிதான்! இன்றைக்கும் ஆர்டர் கொடுத்துச் செய்த போல்ட் ரைபிளில் தோட்டா சிக்கினால், நல்ல மெக்கானிக் முதலில் அளப்பது இந்தப் பெட்டியைத்தான். பிறகு அதன் உதடு, ஸ்பிரிங், கொக்கியின் இறுக்கம். வேறு தோட்டாவுக்குச் செய்த பெட்டியைப் போட்டுவிட்டு, போல்ட்டை அரம் போட்டு ராவி என்ன பயன்?

எல்லாம் கூடி வந்தது 1898 மாடல். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிளைச் சோதித்தபோது, 1901-ல் ஒரு கண்ணை இழந்தார். வேலையை மட்டும் விடவில்லை.

1914 மே 29-ல் மறைந்தார். இரண்டே மாதத்தில் உலகப்போர் மூண்டது. லட்சக்கணக்கான ஜெர்மன் சிப்பாய்களின் கையில் அவருடைய ரைபிள். அது சிக்காமல் சுட்டது; எதிரில் நின்றவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான்.

நண்பர்களே, பழுதின் வேரைத் தேடும் பொறுமையை மவுசரிடம் கற்போம். நம்ம கைவேலை யாருக்குப் பயன்படப் போகிறது என்ற கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்வோம்!