கழுகுமலைக்கு நடந்த பாட்டு

பங்குனி பிறந்ததும் எங்கள் கடம்பூர் வழியாகக் காவடிக் கூட்டங்கள் கழுகுமலை நோக்கிப் போகும். பருத்தி எடுப்பு முடியும் தறுவாய். கரிசல் வெடித்துக் கிடக்கும். ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். அந்தப் பாட்டுகளை எழுதியவர் ஒருவர் உண்டு என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்தவர். சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது அவர் சிறுவர். பிறகு தமிழ் கற்கத் திருவாவடுதுறை ஆதீனம் சென்றார். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர்களில் உ.வே.சாமிநாதையரும் ஒருவர்.

படித்துத் திரும்பிய இளைஞருக்குச் சோறிட்டது ஊற்றுமலை ஜமீன். ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் தமிழறிந்தவர்; புலவர்களை ஆதரித்தவர். பொருளியல் படித்தவனுக்கு இதில் வியப்பில்லை. லைப்சிக் நகரத் தேவாலயங்களில் பாக் வாரந்தோறும் புதிய கூட்டிசை எழுதியதும் சம்பளத்துக்குத்தான். ஊற்றுமலைப் புலவர் தம் புலமையைக் காட்ட எழுதியவை வேறு: கோமதி அந்தாதி, சங்கரன்கோவில் திரிபந்தாதி போன்றவை. திரிபில் முதலெழுத்து மட்டும் மாறும். மற்ற எழுத்துகள் அப்படியே திரும்ப வந்து வேறு பொருள் தரவேண்டும். உழைப்பு மிகுந்த வேலை. இன்று அவற்றைப் புரட்டுவோர் மிகச் சிலர்.

காவடிச் சிந்து பிறந்த கதை வேறு. கழுகுமலை முருகனுக்கு மருதப்பர் காவடி எடுத்தார் என்றும், உடன் நடந்த புலவர் வழிநடைக்காகப் பாடினார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். பாட்டின் அமைப்பே அதற்குச் சாட்சி என்பேன். தோளில் பாரம், காலில் சுடுமண். அடுக்கடுக்காக விழும் இயைபு காலை முன்னே தள்ளுகிறது. அடியின் முடிவில் நீளும் ஓசை மூச்சு வாங்க இடம் தருகிறது. எழுத்தறியாதவரும் இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை கூடப் பாடிவிடலாம். ஆனால் சொல்லில் மலிவு கிடையாது. கோயில் வளமும் ஊர்ச் சிறப்பும் முருகனை நினைத்து ஏங்கும் தலைவியின் துயரும் பழைய இலக்கியச் செறிவோடு வருகின்றன. மடத்தில் கற்ற யாப்பும் தெருவில் கேட்ட மெட்டும் அவரிடம் சண்டையிடவில்லை.

முப்பது வயது நிறையும் முன்பே, 1891இல் அவர் மறைந்தார். அப்போது எட்டயபுரத்தில் பாரதி சிறுவர். பின்னாளில் அவரும் சிந்து மெட்டைக் கையில் எடுத்தார். ஜமீன்களை 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. புரவலர் போனபின்பும் பாட்டு நின்றது, நடப்பவர்கள் பாடியதால்.

இப்போதுதான் எனக்குக் கவலை. அண்மையில் கோவில்பட்டிச் சாலையில் ஒரு காவடிக் கூட்டத்தைப் பார்த்தேன். முன்னால் போன வண்டியில் ஒலிபெருக்கி பாடியது. பின்னால் வந்தவர்கள் பேசாமல் நடந்தார்கள். மேடைக் கச்சேரியிலும் ஒலிப்பதிவிலும் காவடிச் சிந்து கேட்கக் கிடைக்கிறது, அது வேறு. பலர் சேர்ந்து நடந்து பாடும் முறை தெரிந்த முதியவர்கள் இன்னும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். நம் பள்ளிகள் அவர்களை அழைத்து, வகுப்பறையில் அல்ல, மைதானத்தைச் சுற்றி நடக்கவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யலாம். வரும் பங்குனிக்குள்ளேயே தொடங்கலாம்.