பரப்பைப் படித்த பேரறிஞர்

கண்ணாடிக் குமிழுக்குள் கம்பி எரியும் பழைய மின்விளக்கை நம்மில் பலர் வீட்டில் பார்த்திருப்போம். நாளாக ஆக அதன் உட்புறம் கருத்துப்போகும், ஒளி மங்கும், ஒருநாள் கம்பி அறுந்துவிடும். நாமும் புதிய விளக்கை மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவோம். ஆனால் ஒருவர், அந்தக் கருமை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அந்தக் கேள்வியை விடாமல் தொடர்ந்து, இரசாயனத்தில் ஒரு துறைக்கே அடிக்கல் நாட்டினார். அவர்தாம் இர்விங் லாங்மியூர்.

1881ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அமெரிக்காவில் புரூக்ளினில் அவர் பிறந்தார். சிறு வயதில் அவருக்குக் கண்பார்வை குறைவு. பதினோராம் வயதில்தான் அக்குறை தெரிந்து சரிசெய்யப்பட்டது. பின்னாளில் பிறர் காணாததையெல்லாம் கண்டவர் இவர் என்பது வியப்பன்றோ! கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உலோகப் பொறியியல் பயின்று 1903இல் பட்டம் பெற்றார். பிறகு ஜெர்மனி சென்று, கெட்டிங்கனில் பேராசிரியர் நெர்ன்ஸ்டிடம் ஆராய்ச்சி செய்து 1906இல் டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிக் கல்லூரி ஆசிரியரானார். பாடம் நடத்தவே பொழுது போயிற்று. ஆராய்ச்சிக்கு நேரம் கிட்டவில்லை. 1909இல் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

விளக்குக்குள் எஞ்சியிருக்கும் காற்றுதான் கருமைக்குக் காரணம் என்று அங்கே பலர் எண்ணினர். ஆகவே குமிழிலிருந்து காற்றை இன்னும் நன்றாக வெளியேற்ற முயன்றனர். லாங்மியூர் எதிர்வழியில் சென்றார். வாயுக்களை வேண்டுமென்றே ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்த்தார். உண்மை மெல்ல வெளிப்பட்டது. கொதிக்கும் டங்ஸ்டன் கம்பியே ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது! நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவை நிரப்பி, கம்பியைச் சுருளாக்கினால் அந்த இழப்பு குறையும் என்று கண்டார். விளக்கு மலிவாக நெடுநாள் எரிந்தது.

வேறொருவராயின் இத்துடன் நின்றிருப்பார். ஆராய்ச்சியின் நடுவே லாங்மியூர் இன்னொன்றையும் கவனித்திருந்தார். சிறிதளவு ஆக்ஸிஜன் டங்ஸ்டன் கம்பியின்மேல் ஒட்டிக்கொண்டு, கடும் வெப்பத்திலும் எளிதில் விலகவில்லை. ஒட்டிய படலமோ ஒரே ஓர் அணுவின் கனமே உடையது!

இதிலிருந்து அவர் கண்ட கருத்தை நம் ஊர்ப் பந்தியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பந்தியில் ஓர் இலைக்கு ஒருவர்தான். இலைகள் நிறைந்துவிட்டால், வாசலில் எத்தனை பேர் நெருக்கினாலும் பயனில்லை. ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் அமரலாம். திடப்பொருளின் பரப்பிலும் இப்படி எண்ணி வைத்த இடங்கள் உண்டு. வாயு மூலக்கூறுகள் வந்து அமர்கின்றன, எழுந்து போகின்றன. வருகையும் போக்கும் சமமாகும்போது எத்தனை இடங்கள் நிறைந்திருக்கும் என்பதற்கு 1916 முதல் 1918 வரை வெளியிட்ட கட்டுரைகளில் கணக்கு வகுத்தார். இரசாயன மாணவர் இன்றும் படிக்கும் பாடம் அது.

1922இல் பிளாட்டினத்தை ஆராய்ந்தார். அதன்மேல் கார்பன் மோனாக்சைடும் ஆக்ஸிஜனும் கூடி வினைபுரியும். ஆனால் குறைந்த வெப்பத்தில் கார்பன் மோனாக்சைடே இலைகளையெல்லாம் பிடித்துக்கொள்கிறது, ஆக்ஸிஜனுக்கு இடமில்லை, வினை தேங்குகிறது. வெப்பம் கூடினால் இடம் காலியாகி வினை விரைகிறது. மோட்டார் வண்டியின் புகைக்குழாயில் நச்சுவாயுவைப் போக்கும் வினையூக்கி, வண்டி சூடேறும் வரை சரிவர வேலை செய்யாததற்கும் இது ஒரு காரணம். வயலுக்கு இடும் நைட்ரஜன் உரமும் பரப்பின் கொடையே. காற்றிலுள்ள நைட்ரஜன் இரும்பின் பரப்பில் அமர்ந்து பிளந்தால்தான் அம்மோனியா பிறக்கும். 1932இல் லாங்மியூருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் தொடங்கிய துறையை வளர்த்த ஜெர்ஹார்டு எர்ட்லுக்கு 2007இல் அதே பரிசு கிடைத்தது.

இத்தகைய அறிஞரும் இடறினார். 1946 முதல் மேகத்தில் உலர்பனி தூவி மழை பெய்விக்கும் முயற்சியில் ஈடுபட்டார். 1947இல் அவ்வாறு உலர்பனி தூவிய ஒரு புயல் திசைமாறிக் கரையில் மோதியபோது, அது தூவலின் விளைவே என்றார். வானிலை அறிஞர்கள் ஏற்கவில்லை. புயல் தானாகவே திரும்பியிருக்கலாம் அல்லவா? விந்தை என்னவென்றால், விஞ்ஞானிகள் தம் ஆசையால் தம்மையே ஏமாற்றிக்கொள்வதைப் பற்றி 1953இல் சிறந்த சொற்பொழிவு ஆற்றியவரும் இவரே!

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அவர் மறைந்தார்.

நண்பர்களே, இந்த வாழ்க்கை நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. விளக்கில் அவர் ஒன்றை மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துச் சோதித்தார், உண்மை கிடைத்தது. வானத்தில் அவ்வாறு சோதிக்க வழியில்லை. அங்கே ஆசை முந்திக்கொண்டது. நாளை நம் ஆய்வுக்கூடத்தில் குடுவையின் அடியில் எதிர்பாராத கறை ஒன்று படியுமானால், கழுவிவிடுமுன் ஒரு கணம் உற்றுப் பார்ப்போம். பார்த்ததை நம்புமுன் இன்னொரு முறை சோதிப்போம்.