மூணு வருஷம் மட்டுமே ஓடிய காற்று ரயில்... நியூயார்க்கின் அடியில் ரகசியமாகச் சுரங்கம் தோண்டிய ஆல்ஃபிரட் பீச்!

ஸ்ட்ராவுக்குள் ஒரு காகித உருண்டையை வெச்சு ஊதினா என்ன ஆகும்? சர்ருனு பறந்துபோய் விழும்ல? இப்போ அந்த உருண்டை இருக்குற இடத்துல ஒரு ரயில் பெட்டி, ஸ்ட்ரா இருக்குற இடத்துல ஒரு சுரங்கம்னு கற்பனை பண்ணிப் பாருங்க. 1870-லேயே இப்படி ஒரு ரயிலை நியூயார்க்கில் ஓட்டிக் காட்டியவர்தான் ஆல்ஃபிரட் ஈலி பீச்.

1826-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர் பீச். அப்பா, 'நியூயார்க் சன்' பத்திரிகையின் அதிபர். நம்மில் பலர் காலேஜில் அரியர் எழுதிக்கொண்டிருக்கும் 19 வயதில், நண்பர் ஆர்சன் மன்னோடு சேர்ந்து 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையையே விலைக்கு வாங்கிவிட்டார் பீச். கூடவே, கண்டுபிடிப்பாளர்களுக்குப் பேட்டன்ட் வாங்கித் தரும் நிறுவனத்தையும் நடத்தினார்கள். அடுத்தவர்களின் ஐடியாக்களைப் படித்துப் படித்தே இவருக்குள்ளும் ஆசை ஊறியது. பார்வையற்றவர்களுக்காக ஒரு டைப்ரைட்டரை உருவாக்கினார்.

ஏமாத்தி வாங்கிய பர்மிஷன்!

அவரை உறுத்திக்கொண்டே இருந்தது பிராட்வே. குதிரை வண்டிகளும் கூட்டமுமா, நகரவே முடியாத டிராஃபிக். தரைக்குக் கீழே போனால் என்ன என்று யோசித்தார். ஆனால், லண்டனில் ஓடுவதுபோல நீராவி இன்ஜின் விட்டால் சுரங்கம் முழுக்கப் புகை. அதனால்தான் காற்றைப் பிடித்தார்.

பயணிகள் ரயில் என்று கேட்டால் எதிர்ப்பு வரும் எனப் பயந்து, தபால்களை அனுப்பும் குழாய்கள் பதிக்கப் போவதாக அனுமதி வாங்கினார். அப்புறம் நடந்ததுதான் செம! நகர மன்றம் இருக்கும் பூங்காவுக்கு எதிரிலேயே ஒரு துணிக்கடையின் அடித்தளத்தை எடுத்து, ராத்திரி ராத்திரியாக மண்ணை அள்ளினார்கள். வாரன் தெருவிலிருந்து முர்ரே தெருவரை, சுமார் 95 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் ரெடி.

1870 பிப்ரவரி 26-ல் திறந்துகாட்டியபோது ஊரே வாயைப் பிளந்தது. காத்திருக்கும் அறையில் பியானோ, நீரூற்று, தங்கமீன்கள்! ராட்சத ஊதுகுழல் காற்றைத் தள்ள, 22 பேர் உட்காரக்கூடிய பெட்டி ஓசையில்லாமல் நகரும். திரும்பி வரும்போது அதே இயந்திரம் காற்றை உறிஞ்சி இழுக்கும். டிக்கெட் 25 சென்ட். அந்தக் காசும் போரில் இறந்த வீரர்களின் பிள்ளைகள் வளர்ந்த இல்லத்துக்குப் போனது.

கையெழுத்து வந்தது... காசு வரலை!

அந்த 95 மீட்டர் வெறும் டிரெய்லர்தான். சென்ட்ரல் பார்க் வரை கொண்டுபோவதுதான் மெயின் பிக்சர். அங்கேதான் சிக்கல். தங்கள் கட்டடங்களின் அஸ்திவாரம் ஆட்டம் காணும் என்று பிராட்வேயின் பணக்காரச் சொத்துக்காரர்கள் கொதித்தார்கள். அரசியல் புள்ளி ட்வீட்தான் வில்லன் என்று இன்றைக்கும் கதை சொல்வார்கள். ஆனால், ஆய்வாளர்கள் கைகாட்டுவது இந்தச் சொத்துக்காரர்களைத்தான். ஆளுநர் ஹாஃப்மன் மசோதாவை நிராகரித்தார். பீச் விடலை. திரும்பத் திரும்ப மோதினார்.

1873-ல் புது ஆளுநர் டிக்ஸ் கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அதே வருஷம் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. முதலீடு செய்ய ஆளில்லை. காசு இருந்தபோது அனுமதி இல்லை. அனுமதி கிடைத்தபோது காசு இல்லை. ரயில் நின்றது. சுரங்கம் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடமாகவும், ஒயின் வைக்கும் கிடங்காகவும் வாடகைக்குப் போனது. அப்புறம் அடைத்தே விட்டார்கள்.

பீச் முடங்கிவிடவில்லை. பத்திரிகை வேலையைத் தொடர்ந்தார். 1896 ஜனவரி 1-ல் நிமோனியாவால் இறந்தார். நியூயார்க்கின் பெரிய சப்வே திறக்கப்பட்டது 1904-ல்தான். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1912-ல் புதுப் பாதைக்காக பிராட்வேயைத் தோண்டிய தொழிலாளர்கள், திடீரென ஒரு பழைய சுரங்கத்துக்குள் நுழைந்தார்கள். உள்ளே பீச்சின் ரயில் பெட்டியின் மிச்சம் அப்படியே கிடந்தது. இன்று அந்த இடத்தில் இருப்பது சிட்டி ஹால் ஸ்டேஷன். காற்று இல்லை, கரன்ட்தான். ஆனால் அவர் சொன்ன அதே இடத்தில், தரைக்கு அடியில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!