செட்டிநாட்டரசரும் தில்லைப் பல்கலைக்கழகமும்

தமிழகத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், கானாடுகாத்தானில் 1881-ஆம் ஆண்டு பிறந்த அண்ணாமலைச் செட்டியாரைக் கடந்து செல்லவியலாது. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் லேவாதேவித் தொழிலால் பெரும்பொருள் ஈட்டிய நகரத்தார் குடியில் தோன்றியவர் அவர். 1907-இல் இந்தியன் வங்கியை நிறுவியோருள் ஒருவர். 1923-இல் ‘சர்’ பட்டமும், 1929-இல் வழிவழி வரும் ‘ராஜா’ பட்டமும் பெற்றார். பட்டங்களைப் பற்றி இவ்வளவே போதும். நாம் நினைவுகூர விழைவது அவர் சிதம்பரத்தில் ஆற்றிய பணியையே.

1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம், பெரும்பாலும் கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே நெடுங்காலம் இருந்தது. 1926-இல் ஆந்திரர்க்குத் தனிப் பல்கலைக்கழகம் அமைந்ததும், தமிழ் வழங்கும் நிலத்திற்கும் ஒன்று வேண்டும் என்னும் வேட்கை மிகுந்தது. செட்டியாரோ 1920-இலேயே சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியிருந்தார். பின்னர்த் தமிழ்க் கல்லூரியும் கண்டு, 1924 முதல் 1927 வரை உ.வே.சாமிநாதையரை அதன் முதல்வராக அமர்த்தினார். இசைக்கும் ஒரு கல்லூரி எழுந்தது. இந்நிறுவனங்களையும் அவற்றோடு 20 இலட்சம் ரூபாயையும் அவர் அளிக்க முன்வந்ததன் பயனாக, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தே தங்கிக் கற்பதற்கென்றே அமைந்தது அது.

தமிழாசிரியர்கள் ஊதியத்திலும் மதிப்பிலும் பின்தள்ளப்பட்டிருந்த காலம் அது என்பதை இன்றைய மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அத்தகைய நாளில், ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931-இல் அங்குத் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். அவரையடுத்து நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்தார். தமிழ்த்துறையில் பணிபுரியும் நம் போன்றோர் இன்று பெறும் மதிப்பில் அந்தத் தில்லை இருக்கைக்கும் பங்குண்டு என்றே கருதுகிறோம்.

இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்கள் ஒதுக்கப்பட்டிருந்தது அவருக்குப் பெருங்குறையாகத் தோன்றியது. 1941-இல் அண்ணாமலை நகரில் நடந்த தமிழிசை மாநாடு அக்குறையை வெளிப்படப் பேசியது. சென்னை இசைவாணர் சிலர் கடுமையாக எதிர்த்தனர்; இராஜாஜி, கல்கி, டி.கே.சி. ஆகியோர் துணைநின்றனர். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. எதிர்ப்பைக் கண்டு அவர் பின்வாங்கியிருந்தால் தமிழ்ப் பாடகர் பலருக்கு மேடை கிட்டியிராது.

குறை கூறுவோரும் உளர். நிறுவியவரின் குடும்பத்திற்கே இணைவேந்தர் பதவி வழிவழியாக உரியதாயிருந்தது பொதுநிறுவனத்திற்குப் பொருந்துமா என்ற வினா நியாயமானதே. (சமுதாயக் கல்லூரிகளை நடத்துவோர்க்கும் இவ்வினா புதிதன்று.) பணமுடையும் ஊழியர் போராட்டமும் முற்றியபின், 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழக அரசே நிருவாகத்தை ஏற்றது. எனினும் அக்குறை அவர் கொடையைச் சிறிதாக்கிவிடாது என்பதே நம் துணிபு.

1948-இல் அரசர் மறைந்தார். அவர் காணாத பலவும் அப்பல்கலைக்கழகத்தில் பின்னர் விளைந்தன. முஸ்லிம்கள் செறிந்து வாழும் பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் ஆய்வு மையம் எழுந்தது. 1979-இல் தொலைதூரக் கல்வி தொடங்கியது. ஊர்விட்டு ஊர் சென்று பயில இசைவு பெறாத நம் பெண்மக்கள் பலர், அஞ்சலில் வந்த பாடநூல்களை அடுப்படி வேலை முடிந்தபின் படித்துப் பட்டம் பெற்றனர். அவர்களுள் சிலர் இன்று நம் பள்ளிகளில் ஆசிரியைகளாக உள்ளனர்.